குட்டி இயந்திரம், பெரிய கணக்கு

மினி எக்ஸ்கவேட்டர் வாங்கித் தொழில் தொடங்கும் ஆசை கொள்ளேகால் பக்கமும் எட்டியிருக்கிறது. எந்த இயந்திரம் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

கொள்ளேகால் கிராமங்களில் மண் தோண்டும் இயந்திரம் எதுவானாலும் அது ஜேசிபிதான். இங்கிலாந்தில் 1945இல் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் தொடங்கிய கம்பெனியின் பெயர், ஒரு தொழிலுக்கே பெயராகிவிட்டது. திம்பம் மலைப்பாதை இறங்கி சத்தியமங்கலம் பக்கம் போனால் அதே இயந்திரம் ‘பொக்லைன்’ ஆகிவிடும். அது ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். டயருக்குப் பதில் செயினில் ஓடினால் ‘ஹிட்டாச்சி’. அது ஜப்பான். இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்திருப்பது ‘மினி’.

ஒரு டன்னிலிருந்து சுமார் ஆறு டன் வரை எடையுள்ள செயின் வண்டிகளை இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். ஜப்பானின் குறுகலான தெருக்களுக்காகப் பிறந்த இயந்திரம் இது. யான்மார் கம்பெனி தன் முதல் மினி எக்ஸ்கவேட்டரை 1968இல் கொண்டுவந்தது. வண்டி சுழலும்போது பின்புறம் செயினைத் தாண்டி வெளியே நீளாத வடிவத்தை அதே கம்பெனி 1993இல் விற்பனைக்கு விட்டது. இன்று இந்தியச் சந்தையில் டாடா ஹிட்டாச்சி, ஜேசிபி, குபோட்டா, பாப்கேட், ஹூண்டாய் என்று போட்டி பலமாகவே இருக்கிறது. விற்பனையாளரின் வண்ணப் புத்தகத்தில் ஒரே இயந்திரம் காலையில் வாய்க்கால் வெட்டுகிறது, மதியம் பாறை உடைக்கிறது, மாலையில் தென்னங்கன்றுக்குக் குழி போடுகிறது.

வாங்குபவருக்கோ அது அத்தனை எளிதான சமாச்சாரம் அல்ல. வாடகைக்கு டிராக்டர் ஓட்டும் அண்ணன் தம்பி இருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் மல்பெரி, ஒரு வீடு, கொஞ்சம் நகை. மினி வாங்க முன்பணம் கட்டுவதென்றால் இவற்றில் ஒன்று அடமானத்துக்குப் போகும். இயந்திரம் ஓடினால் நான்கு வருஷத்தில் சொந்தம். ஓடாவிட்டால் இயந்திரத்தோடு அடமானமும் போகும். எனவே எந்தக் கம்பெனி, எத்தனை டன் என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

மணிக் கணக்கு

ஒரு உதாரணக் கணக்கு. விலையும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அவரவர் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். வழி ஒன்றுதான்.

இயந்திரமும் தேவையான அட்டாச்மென்டுகளும் சேர்ந்து 20 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 5 லட்சம். மீதி 15 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் 48 மாதக் கடன் என்றால் தவணை சுமார் 39,500 ரூபாய். ஆபரேட்டர் சம்பளம் 25,000. இன்சூரன்ஸ், சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து 5,500. ஆக, இயந்திரம் ஒரு நிமிஷம்கூட ஓடாவிட்டாலும் மாதம் 70,000 ரூபாய் செலவு.

ஓடினால் டீசல், ஆயில், பில்டர், பக்கெட் பல், செயின் தேய்மானம் என்று மணிக்கு 400 ரூபாய் போகட்டும். மணி வாடகை 1,000 ரூபாய் கிடைத்தால் மிச்சம் 600. அந்த 70,000 ரூபாயை எட்ட மாதம் 117 மணி நேரம் ஓட்ட வேண்டும். வருஷத்துக்கு 1,404 மணி.

இங்கேதான் மழை குறுக்கே வருகிறது. கோடை மழையிலும் செப்டம்பர், அக்டோபர் மழையிலும் வயல்கள் சேறாகிவிடும். கரிசல் மண்ணில் இறங்கிய வண்டி வெளியே வர இன்னொரு வண்டி தேவைப்படும். வருஷத்தில் ஒன்பது மாதம்தான் முழு வேலை என்றால், அந்த ஒன்பது மாதமும் தலா 156 மணி ஓட்டியாக வேண்டும். மாதம் 26 நாள், நாளுக்கு ஆறு மணி. இயந்திரத்தை ஏற்றி இறக்கும் நேரம், வேலைக்காரர் வரத் தாமதம், பழுது எதுவும் இதில் சேரவில்லை. இவ்வளவு ஓட்டினாலும் லாபம் பூஜ்யம். தவணை கட்டியாகிவிட்டது என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

கணக்கை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. அண்ணன் தம்பியில் ஒருவர் ஆபரேட்டர் சீட்டில் உட்கார்ந்தால் மாதச் செலவு 45,000 ஆகக் குறையும். 75 மணி நேரம் போதும். ஆனால் அவருடைய உழைப்புக்கு அப்போது கூலி இல்லை என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு வழி, ஜேசிபி நுழைய முடியாத இடத்தில் வேலை செய்து கூடுதல் வாடகை கேட்பது. மணிக்கு 1,200 ரூபாய் கிடைத்தால் 117 மணி 88 ஆகக் குறைகிறது. மினியின் உண்மையான பலம் இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது.

நுழையும் இடம்

சாதாரண ஜேசிபியின் எடை ஏழரை டன்னைத் தொடும். அகலம் இரண்டு மீட்டருக்கு மேல். லாரியில் மண் அள்ளிப் போட, ஏரி வண்டல் எடுக்க, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தானே ஓடிப் போக அதை அடிக்க ஆளில்லை. இந்த வேலைகளில் மினி போட்டிக்குப் போனால் தோற்கும்.

மினி ஜெயிக்கும் இடங்கள் வேறு. 1.7 டன் வகை இயந்திரங்கள் பலவற்றில் செயின் அகலத்தைச் சுருக்கினால் ஒரு மீட்டருக்குள் அடங்கும். கொள்ளேகால் பட்டுக்குப் பெயர் போன ஊர். சுற்றிலும் மல்பெரித் தோட்டங்கள். மைசூரில் 1961 முதல் இயங்கும் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் பாசன மல்பெரிக்குச் சிபாரிசு செய்யும் இரட்டை வரிசை முறையில், இரு வரிசைக்கு நடுவே 90 சென்டிமீட்டர், அடுத்த ஜோடிக்கு முன் 150 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த 150 சென்டிமீட்டரில் சிறிய மினி நுழையும். கிளைகள் படர்ந்த பிறகு அல்ல, இலை அறுத்துக் கவாத்து செய்தவுடன். சொட்டுநீர்க் குழாயின் மெயின் லைனைப் புதைக்க அதுவே நேரம். இந்த வேலைக்குப் பூம் இடவலமாகத் திரும்பும் வசதி அவசியம். இல்லாவிட்டால் வண்டி சுழன்று மண்ணைக் கொட்டும்போது பக்கத்துச் செடிகள் ஒடியும்.

அடுத்தது ஊருக்குள் குழாய் வேலை. வீடுதோறும் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து, தெருக்களில் குழாய்ப் பள்ளம் வெட்டும் வேலை கூடியிருக்கிறது. 100 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆழம் பள்ளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓரடி அகலப் பக்கெட்டில் வெட்டினால் 30 கன மீட்டர் மண். இரண்டடி பக்கெட்டில் வெட்டினால் 60 கன மீட்டர். குழாய் என்னவோ ஒன்றுதான். வெட்டுவதும் இரட்டிப்பு, மூடுவதும் இரட்டிப்பு, உடைந்த சாலையைச் சரிசெய்வதும் இரட்டிப்பு. மணி வாடகை குறைவாக இருந்தாலும் பெரிய வண்டி இங்கே செலவு வைக்கும். இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் மீட்டர் கணக்கில் ரேட் பேசலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். அரசு வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுப்பவருக்குப் பணம் பில் பாஸான பிறகுதான் வரும். வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது. மூன்று மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்குவது ஆபத்து.

மண்ணுக்கு ஏற்ற கருவி

அட்டாச்மென்ட் தேர்வில் முதல் ஆலோசனை மண்ணிடம்தான் கேட்க வேண்டும். புவியியல் படித்தவர்களுக்குக் கொள்ளேகால் தெரிந்த பெயர். பூமிக்குள் பாறைகள் நெரிந்து நகர்ந்த ஒரு மண்டலத்துக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மேலே செம்மண், சில இடங்களில் கரிசல், அடியில் கடினமான நைஸ், சார்னோகைட் பாறை. இரண்டடி வரை வெண்ணெய் போல வெட்டிக்கொண்டு போகும் பக்கெட், மூன்றாவது அடியில் நெருப்புப் பொறி பறக்க நின்றுவிடலாம்.

அதற்காக முதல் நாளே பாறை உடைக்கும் பிரேக்கர் வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன கடன் கணக்கில் ஒவ்வொரு லட்ச ரூபாய் அட்டாச்மென்டும் தவணையில் சுமார் 2,630 ரூபாய் கூட்டும். மணிக்கு 600 ரூபாய் மிச்சம் என்றால், அதை ஈடுகட்ட மாதம் நாலரை மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டும். அந்த நாலரை மணி நேர வேலையை அந்தக் கருவி கொண்டுவருமா? வரும் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் வேலை வரும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம்.

இந்த அளவுகோலில் பார்த்தால் வாங்கும் வரிசை ஓரளவு தெளிவாகும். முதலில் பக்கெட்டுகள். குழாய்ப் பள்ளத்துக்கு ஓரடி அகலம், பொது வேலைக்கு ஒன்றரை அடி, வாய்க்கால் தூர் வாரவும் மண்ணைச் சமன் செய்யவும் பல் இல்லாத மூன்றடி அகலப் பக்கெட். விலை குறைவு, பழுது குறைவு, தினமும் வேலை. மூன்று பக்கெட்டும் அடிக்கடி மாறும் என்றால், பின்னைத் தட்டிக் கழற்றாமல் சட்டென்று மாட்டும் குயிக் ஹிட்ச் நேரத்தை மிச்சப்படுத்தும். அதன் பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்க்க வேண்டும். பாதி மாட்டிய பக்கெட் ஆள் மேல் விழுந்தால் உயிர் போகும்.

இரண்டாவது ரிப்பர். ஒற்றைப் பல் கொண்ட எளிய இரும்பு. இறுகிய மண்ணையும், வெடிப்பு விட்ட பாறையையும் கிளறிவிடும். பிரேக்கர் தேவை என்று நினைக்கும் பல இடங்களில் இதுவே போதும். ஹைட்ராலிக் ஹோஸ் எதுவும் இதற்கு வேண்டாம்.

மூன்றாவது, குழி போடும் ஆகர். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தென்னைக்குச் சிபாரிசு செய்யப்படும் குழி ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். அதை மினியின் பக்கெட்தான் போட வேண்டும், ஆகர் போடாது. வேலிக் கம்பம், பந்தல் கால், வாழை, மரக்கன்று ஆகியவற்றுக்கு ஆகர் அருமை. ஆனால் கல் கலந்த மண்ணில் அது சிக்கும், திருகும், முனை தேயும். எந்தப் பக்கத்து ஊர்களில் வேலை என்று தெரிந்த பிறகு வாங்க வேண்டிய கருவி இது.

கடைசியில் பிரேக்கர். வாடகை அதிகம் வரும், உண்மைதான். தேய்மானமும் அதிகம். இரண்டு மணிக்கு ஒரு முறை கிரீஸ் வைக்க வேண்டும். ஒரே புள்ளியில் அரை நிமிஷத்துக்கு மேல் அடித்தால் உளி சூடேறி முனை மழுங்கும். பாறை உடைந்த பிறகும் வெறுமனே அடிக்க விட்டால் உள்ளே உடையும். அந்த அதிர்ச்சி பூம், பின், புஷ் எல்லாவற்றுக்கும் போகிறது. ஹைட்ராலிக் ஆயிலையும் பில்டரையும் வழக்கத்தைவிட முன்னதாக மாற்ற வேண்டிவரும். பிரேக்கருக்கு வரும் கூடுதல் வாடகையில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்காதவர், இரண்டாம் வருஷம் அதை ஒர்க்‌ஷாப்பில் மொத்தமாகக் கட்டுவார்.

இயந்திரமும் கருவியும் பொருந்துமா என்பதற்கு மூன்று எண்கள் போதும். இயந்திரத்தின் எடை, கருவிக்குப் போகும் ஆயில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், அதன் அழுத்தம் எத்தனை பார். கருவி கேட்பதைவிடக் குறைவாக ஆயில் போனால் அது மெதுவாக வேலை செய்யும். அதிகமாகப் போனால் சூடேறிக் கெடும். எடை மிஞ்சினால் வண்டி குப்புற விழும். பிரேக்கருக்கு ஒரு வழி ஆயில் போதும். ஆகர் முன்னும் பின்னும் சுற்ற இரு வழி வேண்டும். இந்த இணைப்பு தொழிற்சாலையிலிருந்தே வருகிறதா, தனிக் காசா என்று விலைப் பட்டியலில் எழுதி வாங்க வேண்டும்.

ஏற்றிப் போகும் வண்டி

விலை பேசும்போது பலரும் மறப்பது இதைத்தான். செயின் வண்டி தானாகச் சாலையில் போகாது. 750 கிலோ ஏற்றும் குட்டி யானை இதற்கு உதவாது. 1.7 டன் இயந்திரமும் பக்கெட்டுகளும் சேர்ந்தால் இரண்டு டன்னை நெருங்கும். 407 வகை லாரியோ, கனத்துக்கேற்ற டிரெய்லரோ, நல்ல சாய்வுப் பலகையோ வேண்டும். மூன்று, மூன்றரை டன் இயந்திரம் ஆழமாக வெட்டும், பிரேக்கரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்குப் பெரிய லாரி வேண்டும். ஏற்கனவே டிராக்டர் வைத்திருப்பவருக்குச் சிறிய இயந்திரம் லாபமாவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

சர்வீஸும் தூரக் கணக்குதான். 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த தாலுகா இது. பிறகு மைசூரோடு சேர்ந்தது, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். பழைய உறவில் இன்னும் பலர் இயந்திர சாமான்களுக்குக் கோவையைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நடுவே 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம் மலைப்பாதை இருக்கிறது. புலிகள் காப்பகத்தின் வழியே போகும் அந்தச் சாலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரியில் இரவுத் தடை அமலுக்கு வந்தது. சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்து காலை 6 வரை வழியில்லை. மாலையில் வெடித்த ஹோஸுக்குக் கோவையிலிருந்து மாற்று வர மறுநாள் பாதி போய்விடும். அறுபது சொச்சம் கிலோமீட்டரில் மைசூர் இருக்கிறது. அங்கே எந்தக் கம்பெனிக்கு மெக்கானிக்கும் உதிரி பாகமும் இருக்கிறதோ, அந்தக் கம்பெனிக்கு முதல் மதிப்பெண்.

சட்டமும் ஜாக்கிரதையும்

2025 ஜனவரி முதல் தயாராகும் கட்டுமான இயந்திரங்களுக்கு ஐந்தாம் கட்டப் புகை விதி பொருந்தும். 19 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 25 குதிரைசக்திக்கு மேற்பட்ட எஞ்சின்களில் புகைத்துகள் பில்டர் வருகிறது. அதற்கென்று தனி ஆயிலும் பராமரிப்பும் உண்டு. அதற்குக் கீழே எஞ்சின் எளிமையானது. சிறு தொழிலுக்கு இதுவும் ஒரு யோசனை. ஜிஎஸ்டி 18 சதவீதம். பதிவும் வரியும் எப்படி என்பதை விற்பனையாளரிடம் அல்ல, ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

காவிரி வனவிலங்கு சரணாலயம், மலை மாதேஸ்வரா சரணாலயம், பிளிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகம் என்று மூன்று பக்கமும் காடு சூழ்ந்த பகுதி இது. வன எல்லையில் அனுமதியில்லாமல் ஒரு பக்கெட் மண் அள்ளினாலும் பறிமுதல் ஆவது முதலில் இயந்திரம்தான். நிலம் யாருடையது என்று வேலைக்கு முன்னே காகிதத்தில் பார்க்க வேண்டும்.

பூமிக்கடியில் கேபிள் இருக்கிறதா என்பதும் அப்படித்தான். தோண்டும் முன் தகவல் சொல்ல மத்திய அரசு 2023 மார்ச்சில் செல்போன் செயலி ஒன்றை வெளியிட்டது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. செம்மண் சுவர் காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரியும், சரியும்போது எச்சரிக்காது.

இத்தனையும் கேட்ட பிறகு அண்ணன் தம்பி என்ன செய்யலாம்? இரண்டு மாதம் மினியை ஆபரேட்டரோடு வாடகைக்கு எடுத்து, தங்களுக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களிடம் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் நான்கு விஷயம் எழுதலாம்: எந்த ஊர், எந்தப் பக்கெட், எத்தனை மணி, பணம் என்றைக்கு வந்தது. மழை மாதம் ஒன்றும் இதில் சேர்ந்தால் இன்னும் நல்லது. அந்த நோட்டைப் புரட்டினால் எத்தனை டன், எந்தக் கருவி, எவ்வளவு கடன் என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்கும். வாங்க வேண்டாம் என்ற பதில் கிடைத்தாலும் நஷ்டமில்லை. மல்பெரித் தோட்டம் அடமானம் போகாமல் அவர்கள் கையிலேயே இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

பழைய இயந்திரம் வாங்குபவர் பார்க்க வேண்டியவை:

• பூமை உயரத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது. சில நிமிஷத்தில் தானாக இறங்கினால் ஹைட்ராலிக் சீல் போயிருக்கிறது.

• பக்கெட்டைத் தரையில் ஊன்றி இடவலமாக அசையுங்கள். பின், புஷ் ஆட்டம் தெரியும். மேல்பகுதி சுழலும் வளையத்தில் ஆட்டம் இருந்தால் விலகிவிடுங்கள். பெரிய செலவு அது.

• மணி மீட்டரை நம்பாதீர்கள். பெடல், லீவர், சீட்டின் தேய்மானம் உண்மையைச் சொல்லும்.

• ரப்பர் செயினில் கம்பி தெரிகிறதா பாருங்கள். கூரான கல்லும் முள்ளும் உள்ள காட்டுக்கு இரும்புச் செயின், ஊருக்குள் ரப்பர்.

• எஞ்சின் எண், அசல் பில், கடன் தீர்ந்ததற்கான சான்று மூன்றையும் ஒப்பிடாமல் முன்பணம் தராதீர்கள்.

• புது இயந்திரமானாலும், உங்கள் நிலத்தில் உங்கள் மண்ணில் ஒரு மணி நேரம் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஷோரூம் வாசலில் மணல் அள்ளுவது எந்த இயந்திரத்துக்கும் கைவந்த கலை.

• முத்ரா கடன் உச்சவரம்பு 2024 அக்டோபரில் 20 லட்சமாக உயர்ந்தது. 10 லட்சத்துக்கு மேல் கேட்க, முந்தைய ‘தருண்’ கடனைச் சரியாகக் கட்டி முடித்திருக்க வேண்டும்.